பாங்காக்கையும் சுற்றுப்புறத்தையும் படகிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா? எந்தப் படகில் எங்கே ஏறுவது?

முடியும், செலவும் குறைவு. ஆனால் திட்டம் போடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாங்காக்கில் ஓடுவது ஒரே படகுப் போக்குவரத்து அல்ல, மூன்று. சாவ் பிரயா ஆற்றில் மேலும் கீழுமாக ஓடும் விரைவுப் படகு ஒன்று. கிழக்கே நகருக்குள் சேன் சேப் கால்வாயில் ஓடும் படகு இரண்டாவது. மேற்குக் கரையில் தொன்புரியின் சின்னக் கால்வாய்களுக்குள் நுழையும் வாடகைப் படகு மூன்றாவது. ஆற்றுப் படகில் இறங்கிய துறையிலேயே சேன் சேப் படகில் ஏற முடியாது. வரைபடத்தில் நீலக்கோடு தொடர்ந்து போகிறதே என்று நம்பி வருபவர்கள் இங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

முதலில் ஆறு. உயர்மட்ட ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி, 2-ஆம் வாசல் வழியாக வந்தால் சாத்தோன் படகுத்துறை. இங்கிருந்து வடக்கே போகும் துறைகளுக்கு N என்ற எழுத்தோடு எண் உண்டு. படகு எங்கெங்கே நிற்கும் என்பதை அதன் கொடி சொல்லும். பயணிகளுக்கு உகந்தது ஆரஞ்சுக் கொடி: நாள் முழுக்க ஓடும், முக்கியமான எல்லாத் துறைகளிலும் நிற்கும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 16 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவில். மஞ்சள் கொடியும் பச்சைக் கொடியும் அலுவலகம் போகிறவர்களுக்காகக் காலையிலும் மாலையிலும் மட்டும் ஓடுபவை, பல துறைகளைத் தாண்டிப் போய்விடும். நீலக் கொடி சுற்றுலாப் படகு. நாள் முழுவதற்குமான சீட்டு 150 பாட் அளவில் இருக்கும். சாத்தோனில் வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் இந்த நீலக் கொடி வரிசைக்குத்தான் கை காட்டுவார்கள். ஒரே நாளில் ஐந்தாறு இடங்களில் ஏறி இறங்குவதானால் அது சரி. இரண்டு மூன்று இடங்கள்தான் என்றால் ஆரஞ்சுக் கொடியைக் கேட்டு வாங்குங்கள்.

படகு துறையில் ஒரு நிமிடம்கூட நிற்காது. பின்பக்கத்தை மட்டும் துறையோடு ஒட்டுவார்கள். அங்கே நிற்கும் ஆள் விசில் அடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்வார். அதனால் உங்கள் துறைக்கு ஒரு துறை முன்பே எழுந்து பின்பக்கம் வந்துவிட வேண்டும். துறை வந்த பிறகு இருக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தால் அடுத்த துறையில்தான் இறங்குவீர்கள். பின்பக்கத்தில் புத்த பிக்குகளுக்கென ஒதுக்கிய இடத்தில் நிற்காதீர்கள். பெண்கள் பிக்குவின் மேல் படாதபடி விலகி நிற்பது அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் மரியாதை. படகுக்குள் டிக்கெட் தருபவர் நீண்ட உலோகக் குழாய் ஒன்றைக் குலுக்கிக்கொண்டு வருவார். சில்லறையும் டிக்கெட் சுருளும் அதற்குள்தான். 20 பாட் தாள்களும் நாணயங்களும் கையில் இருக்கட்டும். 1000 பாட் தாளை நீட்டினால் இருவருக்கும் சிரமம்.

வடக்கு நோக்கிப் போகையில் இடப்பக்கம் தொன்புரிக் கரை, வாட் அருண் கோயில் அந்தப் பக்கம் வரும். ராச்சவோங் (N5) சீனர் தெருவுக்கு. தா தியன் (N8) படுத்திருக்கும் புத்தர் உள்ள வாட் போவுக்கு. தா சாங் (N9) அரண்மனைக்கு. 'சாங்' என்றால் யானை, இது யானைத்துறை. பிரா ஆதித் (N13) வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் கௌசான் தெருவுக்கு. தா தியனிலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்கு 5 பாட் கட்டணத்தில் அக்கரைப் படகு போகிறது. வாட் அருணுக்குள் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கோபுரத்தில் பதித்த பீங்கான் துண்டுகள்மேல் கிழக்கு வெயில் விழும் நேரம் அது. மாலையிலோ சூரியன் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் இறங்குகிறது. அப்போது நீங்கள் தா தியன் கரையில் இருக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, படம் இருண்டுவிட்டதே என்று வருந்துகிறார்கள்.

தா சாங்கில் இறங்கி நடக்கும்போது, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று நல்ல உடை உடுத்திய யாராவது சொன்னால் நின்று கேட்க வேண்டாம். கடைசியில் நகைக்கல் கடையில் கொண்டுபோய் விடும் பழைய ஏமாற்று அது. வாசல் வரை நடந்து நீங்களே பாருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம்.

இனி சேன் சேப் கால்வாய். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் 1837-இல், கிழக்கே படைகளைக் கொண்டுசெல்ல வெட்டத் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 18 கிலோமீட்டருக்குப் படகு ஓடுகிறது. பழைய நகரத்தின் ஓரம் பான்ஃபா துறையில் தொடங்கி, பிரத்துநாமில் நின்றுவிடும். கிழக்கே மேலும் போக அங்கே வேறு படகுக்கு மாற வேண்டும், டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹுவா சாங் துறை சியாம் வணிக வளாகங்களுக்குப் பக்கம். அசோக் துறை பெச்சபுரி மெட்ரோவுக்குப் பக்கம்.

இது சுற்றுலாப் படகு அல்ல, தண்ணீரில் ஓடும் டவுன் பஸ். படகின் பக்கவாட்டு விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். முதியவர்களையும் கைக்குழந்தையையும் இதில் ஏற்றாதீர்கள். இருக்கையின் ஓரத்தில் கயிறு தொங்கும். எதிரே படகு வரும்போது அதை இழுத்தால் பக்கவாட்டில் பிளாஸ்டிக் திரை எழும். ஓரத்தில் உட்கார்ந்தால் அந்த வேலை உங்களுடையது. தண்ணீர் கறுத்த சாக்கடைத் தண்ணீர், கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. தாழ்வான பாலங்களின் கீழ் கூரையே இறங்கிக் கொடுக்கும், அப்போது எழுந்து நிற்காதீர்கள். மாலை அலுவலகம் விடும் நேரத்தைத் தவிருங்கள்.

பான்ஃபாவில் இறங்கினால் பொன்மலைக் கோயில் எட்டிய தூரம். அங்கிருந்து கால் மணி நடையில் பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. தமிழர்கள் இதைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. அந்த ஊஞ்சலோடு சேர்ந்த விழாவின் பெயர் 'திரியம்பவாய்', நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது. ஊஞ்சலாடுவது 1935-இல் நின்றுபோனது, விழா மட்டும் பக்கத்துப் பிராமணக் கோயிலில் தொடர்கிறது. மாணிக்கவாசகரின் பாடல் கடல் கடந்து ஓர் அரச சடங்கின் பெயராகவே ஆன இடம் அது. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலை எல்லோரும் தேடிப் போகிறார்கள், இந்த ஊஞ்சலைக் கடந்து போய்விடுகிறார்கள். பான்ஃபாவிலிருந்து ஆற்றுக்குப் போக டாக்ஸி பிடியுங்கள்; வெயிலில் நடக்கக் கூடிய தூரம் அல்ல.

மூன்றாவது, என் கணக்கில் சிறந்தது, தொன்புரிக் கால்வாய்கள். பாங்காக் நொய், பாங்காக் யாய் இரண்டும் உண்மையில் பழைய ஆறு. 16-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் பெரிய வளைவுக்குக் குறுக்கே ஒரு வெட்டுக்கால்வாய் தோண்டினார்கள். ஆறு அந்தக் குறுக்குவழியையே பிடித்துக்கொண்டு அகன்றது, பழைய வளைவு கால்வாயாகச் சுருங்கியது. இன்று அரண்மனை முன்னால் ஓடுவது அந்தக் குறுக்குவழிதான்.

இங்கே போவது நீண்ட வால்போன்ற தண்டு வைத்த படகு. கார் எஞ்சினைப் பின்னால் பொருத்தி, நீளமான தண்டின் முனையில் விசிறி வைத்திருப்பார்கள். ஆழமில்லாத இடத்தில் தண்டைத் தூக்கிவிடலாம். சத்தம் பலமாக இருக்கும், முன்பக்கம் உட்காருங்கள். தா தியன், தா சாங் துறைகளில் கிடைக்கும். ஏறும் முன் நான்கு கேள்விகள்: விலை படகுக்கா தலைக்கா? எத்தனை மணி நேரம்? எந்தக் கால்வாய்கள்? எங்கே நிறுத்துவீர்கள்? ஒரு மணி நேரம் போதாது. கால்வாய் வாயில்களில் வெள்ளத் தடுப்பு மதகுகள் இருக்கின்றன. ஆறு உயர்ந்திருக்கும்போது மூடி, படகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அந்தக் காத்திருப்பும் உங்கள் நேரத்தில்தான் போகும். இரண்டு மணி நேரம் எடுத்தால் பாங்காக் நொய் கரையில் அரச படகுகள் அருங்காட்சியகமும், பாங் லுவாங் பக்கம் மரவீடுகளும் நிதானமாகப் பார்க்கலாம். தாலிங் சான் மிதக்கும் சந்தை சனி, ஞாயிறில் மட்டும். வார நாளில் "மிதக்கும் சந்தை" என்று விற்பார்கள். பெரும்பாலும் பொம்மை விற்கும் ஒரே ஒரு படகு உங்களை நோக்கி வரும், அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே போக கோ கிரெட் தீவு. 1722-இல் ஆற்றின் வளைவை வெட்டியதால் உண்டான தீவு, மோன் இன மக்களின் மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போனது. சந்தை வார இறுதியில். அந்தப் பக்கம் போகும் பச்சைக் கொடி வார நாளில் மட்டும் ஓடும், அதுவும் காலையில் ஊருக்குள் வருகிறவர்களுக்காக, உங்களுக்கு எதிர்த் திசையில். எனவே ஆரஞ்சுக் கொடியில் கடைசித் துறை நொந்தபுரி (N30) வரை போங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து டாக்ஸியில் வாட் சனாம் நுவா கோயில், பிறகு சில பாட் கட்டணத்தில் அக்கரைப் படகு. தீவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

டாம்நோன் சதுவாக் மிதக்கும் சந்தை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி. நகரத்திலிருந்து படகில் போக முடியாது, வேனில்தான். காலை 8 மணிக்கு முன் சேராவிட்டால் சுற்றுலாக் கூட்டம்தான் மிஞ்சும்.

அக்டோபர், நவம்பரில் ஆற்றில் வெள்ளமும் கடல் ஏற்றமும் சேரும்போது சில துறைகளைத் தண்ணீர் மூடிவிடும், படகும் நிற்காது. எந்த மாதமானாலும் மாலை 6 மணிக்குள் ஆரஞ்சுக் கொடியில் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அது குறைந்து, சீக்கிரமே நின்றுவிடும்.