தொழில்நுட்பம் மருத்துவத்தை எப்படி மாற்றியிருக்கிறது? உங்கள் வீட்டில் நீங்கள் கண்ட மாற்றம் என்ன?

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, அம்மா நித்திரையாக இருக்கும்போது அவரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது முதல் தடவையாக எங்களுக்குத் தெரியவந்தது. அதுதான் பெரிய மாற்றம். வீட்டில் சீனி வருத்தக்காரர் (சலரோகம், அதாவது நீரிழிவு உள்ளவர்) இருக்கிற யாருக்கும் இது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அம்மாவுக்கு 74 வயது. சலரோகம் வந்து இருபது வருடத்துக்கு மேல். கடந்த ஆறு வருடமாக இன்சுலின், காலையும் இரவும். மாதம் ஒருக்கால் கிளினிக். விடிய வெறும் வயிற்றோடு போய், இரத்தம் கொடுத்து, வாங்கில் காத்திருந்து, டொக்டர் கொப்பியைப் பார்த்து மருந்து எழுதி முடிய மத்தியானமாகிவிடும். காசு வாங்காமல் இவ்வளவும் செய்கிறார்கள், அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் அந்தக் கொப்பியில் மாதத்துக்கு ஒரு எண்தான் ஏறும். ஒரு மாதத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட மணித்தியாலங்கள் இருக்கின்றன. எங்களிடம் இருந்தது அதில் ஒரு காலைப்பொழுதின் கணக்கு மட்டும்.

இடைக்கிடை எச்பிஏ1சி என்ற பரிசோதனையும் எடுப்போம். இரத்தத்தில் உள்ள சீனி சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழ்வதால், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரியும். அம்மாவுக்கு அது 7.1 சதவீதம். இந்த வயதுக்கு நல்ல கட்டுப்பாடு என்றார்கள், நாங்களும் சந்தோசப்பட்டோம். பிறகுதான் விளங்கியது, சராசரிக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளலாம். இரத்தச் சீனி நாள் முழுக்க 150இல் (மி.கி./டெ.லீ.) நிற்கிறவருக்கும், பகலில் 240, இரவில் 55 என்று ஏறி இறங்குகிறவருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வரக்கூடும்.

அம்மாவின் தலையணை சில விடியற்காலைகளில் நனைந்திருக்கும். வெக்கை என்று நினைத்தோம். கெட்ட கனவு வருகிறது, எழும்பினால் தலையிடிக்கிறது என்பார். வயது போனால் அப்படித்தான் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பாரமாகிவிடும்.

ரொறன்ரோவில் இருக்கிற தம்பி போன வருடம் ஊருக்கு வந்தபோது சீனி அளவைக் காட்டும் ஒரு சென்சர் கொண்டுவந்தான். ஒரு சில்லறைக் காசு அளவு வட்டம். மேற்கையின் பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும். மயிர் போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குக் கீழே போகும், நோவில்லை. 14 நாள் அப்படியே இருக்கும், குளிக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் சீனி அளவு கைத்தொலைபேசிக்கு வரும், அங்கிருந்து தம்பியின் தொலைபேசிக்கும் போகும். பொருத்திவிட்டு அவன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான்.

ஐந்தாவது இரவு, மூன்று மணி பத்து நிமிடம். தொலைபேசி அடிக்கிறது. அங்கே அவனுக்குப் பின்னேரம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். "அக்கா, அம்மாவை எழுப்புங்கோ, சீனி 54க்கு வந்திட்டுது."

எழுப்பினேன். பேச்சு குழறியது. நெற்றி குளிர்ந்து வேர்த்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன், 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். "எனக்குச் சீனி வருத்தம், நீ சீனித் தண்ணி தாறாய்" என்று அந்த மயக்கத்திலும் தள்ளிவிட்டார். கெஞ்சித்தான் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்தினேன், 96. அம்மா எழும்பி இருந்து, உனக்கு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

தம்பி அனுப்பிய வரைபடத்தில் அந்தப் பதினான்கு இரவில் நான்கு இரவுகள் இப்படிக் குழியில் விழுந்திருந்தன. அதை அச்சடித்துக் கிளினிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் நேரம் எடுத்துப் பார்த்தார். அம்மா போடுவது கலவை இன்சுலின். அதில் மெதுவாக வேலை செய்யும் பங்கு, ஊசி போட்டு நான்கிலிருந்து பத்து மணித்தியாலத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். இரவு ஏழரைக்கு ஊசி, சீனிக்குப் பயந்து இரண்டே இரண்டு இடியப்பம், அப்புறம் நித்திரை. உச்சம் நடுச்சாமத்தில் வந்து நிற்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. இரவு அளவைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம் என்றார். எத்தனை யூனிற் என்று இங்கே எழுதமாட்டேன். அது அம்மாவுக்கு மட்டும் உரிய கணக்கு, உங்கள் டொக்டரைக் கேளுங்கள்.

இனி கருவியை எவ்வளவு நம்பலாம் என்பது. சென்சர் இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்குக் கீழே உயிரணுக்களுக்கு இடையில் இருக்கிற நீரை அளக்கிறது. அதனால் சில நிமிடம் பிந்தியே காட்டும். அந்தக் கையில் சரிந்து படுத்தாலும் அழுத்தத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எங்களுக்கே ஒரு இரவு 49 என்று அலறியது. விரலில் குத்தினால் 112. திரும்பிப் படுக்க வைத்ததும் சரியாகிவிட்டது. ஆகவே பேச்சுக் குழறல், வேர்வை என்று எதுவும் இல்லாவிட்டால் ஒரு துளி இரத்தத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அடையாளம் தெரிந்தால் விரல் குத்தும் ஊசியைத் தேடிக்கொண்டிராமல் முதலில் இனிப்பைக் கொடுங்கள். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறிவிடும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது.

கொரோனாக் காலத்தில் எல்லோரும் வாங்கிய விரல் கவ்வி ஒட்சிசன் கருவியும் அப்படித்தான். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள்ளே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிடுகிறது. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி அதைத் தவறவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. தோல் கறுப்பாக இருந்தால் அளவு கூடுதலாகத் தெரியலாம். எங்கள் நிறத்துக்கு இது சின்ன விசயமில்லை. 95 காட்டுகிறது என்று, மூச்சு வாங்குகிற மனிசரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சீனி வருத்தக்காரரின் விழித்திரைப் படத்தைக் கணினியே வாசித்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று கூகுள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் இருந்தன. கண் டொக்டர் எட்டாத இடங்களுக்கு இது பெரிய உதவியாக வரும் என்று நம்புகிறேன்.

எனக்கு உண்மையான குறையாகத் தெரிவது மொழி. நாங்கள் பாவித்த செயலியில் எல்லாம் ஆங்கிலம். அம்மாவுக்கு அது வெறும் கோடு. இதே மானிப்பாயில் 1848இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கியவர் அமெரிக்க மிசனரி டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். பிறகு தமிழிலேயே படிப்பித்தார், உடற்கூறு, பிரசவம், அறுவைச் சிகிச்சை நூல்களைத் தமிழாக்கினார். அவர் பெயரில் உள்ள ஆஸ்பத்திரி இன்றும் இங்கே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் அந்தக் காலத்தில் செய்ததை, ஒரு தொலைபேசித் திரைக்குள் இன்றைக்குச் செய்யாமல் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. வரைபடத்தை நானே கொப்பியில் தமிழில் எழுதிக் காட்டினேன்: "3 மணி, தாழ்வு, வேர்த்தது." அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "அண்டைக்குத்தான் கிணத்துக்கை விழுற மாதிரிக் கனவு வந்தது" என்றார்.

சென்சரை எப்போதும் போட எங்களுக்குக் கட்டாது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழும்பி, சாதாரண மீற்றரில் விரலில் குத்திப் பார்க்கிறேன். அடுத்த கிளினிக் வருகிற வியாழன். கொப்பியில் இந்த மாதத்து எட்டு இரவுகள் இருக்கின்றன, ஒன்றுகூட 90க்குக் கீழே இல்லை.