ஹவொர்த்திலிருந்து டாப் விதன்ஸ்: தனியே நடப்பவர்களுக்குக் கேள்வி பதில்

கே: யார்க்‌ஷரில் ஆங்கில நாவலாசிரியைகளான பிரான்டி சகோதரிகள் திரிந்த மூர் நிலத்தை, அதாவது மரமில்லாத புதர் மேட்டைப் பார்க்க வேண்டும். அவர்கள் ஊரான ஹவொர்த்திலிருந்து டாப் விதன்ஸ் என்ற இடிந்த பண்ணைவீடு வரை போய்வர எவ்வளவு நேரம் ஆகும்?

ப: நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்குச் சுமார் 6 கி.மீ.; ஏற்றம் பெரிதல்ல. வழியில் வரும் அருவி வரை சுலபம். அருவியைப் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள், வெயில் காலத்தில் வெறும் கசிவுதான். 1989 வெள்ளத்தில் அடித்துப் போய், பிறகு கட்டிய கல்பாலத்தைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்குவது அங்கே மட்டும்தான்.

கே: எமிலி பிரான்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் வரும் வீடு அதுதானே?

ப: இல்லை. முழுசாக நின்ற காலத்திலும் அந்தக் கட்டடத்துக்கும் நாவல் வீட்டுக்கும் ஒற்றுமை இல்லை என்று 1964-இல் பிரான்டி சங்கம் அங்கேயே பலகை பதித்துவிட்டது. எமிலிக்குக் கைகொடுத்தது இடம்தான்: காற்றுக்கு மறைப்பே இல்லாத 420 மீட்டர் மேடு. வீட்டின் சாயலுக்கு ஹாலிஃபாக்ஸ் அருகே இருந்த ஹை சண்டர்லேண்ட் ஹாலைச் சொல்வார்கள், அதை இடித்தாகிவிட்டது.

கே: பாதையில் சேறு அதிகமாக இருந்தால் ஓரமாக ஒதுங்கி நடக்கலாமா?

ப: கூடாது. அடியில் இருப்பது பீட், அதாவது மட்கிய பாசியும் புல்லும் தண்ணீரைக் குடித்து ஊறிய கறுப்பு மண். ஹெதர் என்ற குட்டைப் புதர் இருந்தால் ஓரளவு காய்ந்த தரை. வெள்ளைப் பஞ்சுக் குச்சமாகப் புல் ஆடினால் ஈரம். பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தை கண்ணில் பட்டால் காலை வைக்கவே வேண்டாம். முழங்கால் வரை உள்ளே போகும். கணுக்கால் மறைக்கும் நீர்புகா பூட்ஸ் அவசியம். இந்த மண் வெடித்துச் சரிந்ததும் உண்டு. 1824 செப்டம்பர் 2-இல் பக்கத்துக் குன்றான க்ரோ ஹில்லில் சதுப்பு உடைத்துக்கொண்டு ஓடியபோது எமிலி, தங்கை ஆன், அண்ணன் பிரான்வெல் மூவரும் மூரில்தான் இருந்தார்கள். பாதிரியாரான அப்பா பேட்ரிக் அதை வைத்துப் பிரசங்கமே செய்தார்.

கே: தனியாகப் போகிறேன். நடுவில் மூடுபனி இறங்கினால்?

ப: முதலில் நில்லுங்கள். தனியாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் குறுக்குவழி தேடும்போதுதான். இடிந்த வீட்டை அடைந்திருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டாம். கல் பலகை பாவிய பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையைப் பிடித்து வடகிழக்கே இறங்குங்கள். அது இடப்பக்கம் பாண்டன் நீர்த்தேக்கத்துக்குப் பிரியும் இடத்தில் நேரே போனால் ஸ்டான்பரி ஊர். போன் சிக்னலை நம்பாதீர்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே ஓ.எல்.21 வரைபடம், திசைகாட்டி, விசில் மூன்றும் பையில் இருக்கட்டும். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். அவசர எண்ணான 999-ஐ அழைத்தால் போலீஸைக் கேட்டு, பிறகு 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று சொல்லுங்கள்.

கே: எந்த மாதம் நல்லது?

ப: ஹெதர் ஊதாவாகப் பூப்பது ஆகஸ்டில். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை ஒன்பதுக்குக் கிளம்பாவிட்டால் அருவியோடு திரும்புங்கள்.

கே: நாயைக் கூட்டிப் போகலாமா?

ப: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்தபடிதான். தரையில் கூடு கட்டும் கர்லூ, லேப்விங் பறவைகள் முட்டையிடும் காலம்.

கே: வழியில் கழிப்பறை, டீக்கடை?

ப: மேலே எதுவும் இல்லை. ஹவொர்த்திலேயே முடித்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள்.