மது தொடாத சர்க்கரை நோயாளிக்கு மதுப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வருமா?

வரும். எந்தப் பரிசோதனை என்பதுதான் கேள்வி. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வேலைக்காகச் சிறுநீர் கொடுத்து, ஒரு சொட்டும் குடிக்காமல் குடிகாரப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் இது உங்களுக்கான பதில். குடித்துவிட்டுச் சர்க்கரையின் மேல் பழிபோட நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

நான் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு முறை, நிறுவனம் ஒன்று அனுப்பிய ஓட்டுநரின் சிறுநீரில் எத்தனால், அதாவது மதுவில் இருக்கும் ஆல்கஹால், இருப்பதாகக் கருவி காட்டியது. உடன் வந்த படிவத்தில் 'நீரிழிவு' என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. சந்தேகப்பட்டு அதே மாதிரியில் சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைத்தேன்; நிறம் கடைசிக் கட்டத்துக்கே போய்விட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மொட்டுவிட்ட ஈஸ்ட் செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. குப்பியில் நொதித்தலைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு சேர்க்கப்படவில்லை. மாதிரி எடுத்த நேரத்தையும் யாரும் எழுதவில்லை. சர்க்கரை, ஈஸ்ட், அறை வெப்பம் மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் வேறென்ன நடக்கும்? குப்பிக்குள்ளேயே சாராயம் ஊறிக்கொண்டிருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "கருவி காட்டியதை எழுதிக் கொடுங்கள் அம்மா, நமக்கெதற்கு வம்பு?" என்றார். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃப்ரிட்ஜிலும் மற்றொன்றை மேசையிலும் வைத்தேன். மறுநாள் ஃப்ரிட்ஜில் இருந்தது அப்படியே இருந்தது. மேசையில் இருந்ததில் எத்தனால் ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் மேலாளர் வாயடைத்துப்போனார். பழைய மாதிரியில் எத்தில் குளுக்குரோனைடு, எத்தில் சல்ஃபேட் இரண்டையும் பார்க்கச் சொல்லி வெளியே அனுப்பினோம். இரண்டுமே இல்லை. மது உடலுக்குள் போனால் முக்கியமாகக் கல்லீரல் உண்டாக்கும் பொருள்கள் அவை. குப்பியில் இருக்கும் ஈஸ்ட் அவற்றை உண்டாக்காது. அந்த ஓட்டுநரின் வேலை பிழைத்தது. திருத்திய அறிக்கையில் மாதிரியைக் கண்ணால்கூடப் பார்க்காத டாக்டரின் கையெழுத்து இருந்தது, என் பெயர் எங்கும் இல்லை. எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். தவறு நடந்தால் மட்டும் "டெக்னீஷியன் யார்?" என்று தேடி வருவார்கள்.

குடிகாரர்களுக்குச் சாக்கு சொல்லிக் கொடுக்கிறாயா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: சிறுநீர்க் குப்பியில் நடக்கும் நொதித்தல் இரத்தத்தில் மதுவை ஏற்றாது. ஊதிப் பார்க்கும் கருவியிலும் இந்தச் சாக்கு சுலபமாகச் செல்லாது. இன்சுலின் போதாமல், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ஏறினால் மூச்சில் அசிட்டோன் வாடை வரும். மலிவான குறைக்கடத்திக் கருவிகள் அதை மது என்று எடுத்துக்கொள்ளலாம். எரிமக்கலம் (ஃபியூயல் செல்) வைத்த கருவிகள் அசிட்டோனைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கீட்டோன் மிகவும் முற்றினால் உடல் அசிட்டோனில் ஒரு பகுதியை ஐசோபுரொப்பனால் என்ற வேறொரு வகை ஆல்கஹாலாக மாற்றும், அதை அந்தக் கருவியும் மதுவாகக் காட்டக்கூடும். அந்த நிலையில் இருப்பவரை நிறுத்தி வைத்து விசாரிக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் வரும்; இன்னும் இறங்கினால் நாக்குக் குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்?

புதிதாக எடுத்த மாதிரி என்றால் பிரச்சினை இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2020இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 61 வயது, கட்டுப்படாத நீரிழிவு, கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக வந்தவர். சிறுநீரில் ஒவ்வொரு முறையும் மது, இரத்தத்தில் இல்லை. அவர் குடிப்பதை மறைக்கிறார் என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் ஈஸ்ட் அவருடைய சிறுநீர்ப்பைக்குள்ளேயே நொதித்துக்கொண்டிருந்தது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எத்தில் குளுக்குரோனைடு, எத்தில் சல்ஃபேட் பரிசோதனை. மாதிரி எடுத்த கையோடு இரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள்.

போதைப்பொருள் பரிசோதனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் தொல்லை வேறு மாதிரி. அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிப்பவரின் மாதிரி நீர்த்துப்போகும். சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால், வேண்டுமென்றே தண்ணீர் குடித்து ஏமாற்றப் பார்த்தார் என்று சந்தேகிப்பார்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் எடுத்துக்கொண்டால் அதையும் படிவத்தில் எழுதுங்கள். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் அவை சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; ஈஸ்டுக்கு அது தீனிதான்.