வராந்தாவில் நிற்கும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் மகள் ஆறாவது படிக்கிறாள். நாங்கள் ஹெத்தையம்மனைக் கும்பிடுகிறவர்கள். காலைக் கூட்டத்தில் தினமும் ஜெபம் உண்டு. “வேண்டாம் என்றால் வெளியே நிற்கட்டும்” என்கிறார் தலைமையாசிரியர். அமெரிக்காவைப் போலக் கடவுளைப் பள்ளியிலிருந்தே எடுத்துவிடலாமா? அல்லது நாளுக்கொரு மதப் பாட்டு பாடினால் என்ன?

— ஒரு தகப்பன், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்கா கிடக்கட்டும். 1962-ல் அங்கே உச்ச நீதிமன்றம் தள்ளியது, நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் எழுதிக்கொடுத்த 22 சொல் பிரார்த்தனையை. பரீட்சைக்கு முன் ஒரு பிள்ளை தானாகக் கண்மூடிக் கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. நாளுக்கொரு பாட்டு? திங்களன்று உங்கள் மகளுக்கு நடப்பது செவ்வாயன்று வேறொரு பிள்ளைக்கு நடக்கும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அந்த ‘வேண்டாம் என்றால்’. அரசியல் சட்டம் 28(3)-ஐ நிதானமாகப் படியுங்கள். உதவி பெறும் பள்ளியில், மைனர் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வழிபாட்டுக்கு வரச்சொல்லக் கூடாது. நீங்கள் ‘வேண்டாம்’ என்று கேட்டு வாங்க வேண்டியதே இல்லை. நீங்கள் ‘சரி’ சொல்லும்வரை வேண்டாம்தான். தலைமையாசிரியர் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். நீங்களோ, பதினோரு வயசுப் பிள்ளையே எழுந்து “நான் வரல சார்” என்று சொல்லட்டும் என்று விட்டுவிட்டீர்கள். நியாயமா இது?

ஆடிச் சாரலில் காலையில் வராந்தாவில் யார் நிற்பார்கள்? லேட்டாக வந்தவன், வீட்டுப்பாடம் எழுதாதவன். அந்த வரிசையில் அவளும் நின்றால் அது தண்டனைதான். நாலாம் நாள் “நானும் பாடறேன்ப்பா” என்பாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பாவம், அவள் குளிருக்குப் பயந்திருப்பாள்.

பாடாமல் நின்றால் போதும் என்று 1986-ல் உச்ச நீதிமன்றமே சொன்னதே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கேரளப் பிள்ளைகள் மூவரின் வழக்கு நாட்டுப்பண் பற்றியது, ஜெபம் பற்றியதல்ல.

தாளாளருக்கு இன்றே எழுதுங்கள், நகல் தலைமையாசிரியருக்கு. மகள் பெயர், வகுப்பு, ‘வழிபாட்டில் கலந்துகொள்ள நான் சம்மதம் தரவில்லை’. மதச் சண்டை ஒரு வரிகூட வேண்டாம். சேர்க்கைப் படிவத்தின் பொடி எழுத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். போட்டிருந்தால் ‘அதைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று சேருங்கள். உங்கள் நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்க மறக்காதீர்கள். வாய்ப்பேச்சு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எடுபடாது.

கூடவே ஒன்று கேளுங்கள். ஜெபம் முதல் மணிக்கு முன்பே, சம்மதம் தந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும், ஒரு வகுப்பறையில் நடக்கட்டும். மணி அடித்தபின் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி, நாட்டுப்பண், எல்லோருக்கும். வராந்தா லேட்டாக வருகிறவர்களுக்கே இருக்கட்டும்.