காட்டில் கூட வந்தவர் காணாமல் போனால் முதலில் என்ன செய்வது?

கேள்வி: நண்பர்கள் சிலர் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறோம். யாராவது வழிதவறிவிட்டால், ஆளுக்கொரு பக்கமாகப் போய்த் தேடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேடப் போனவரும் தொலைந்துவிடக்கூடும். அது மட்டுமல்ல, உங்கள் கால்கள் தொலைந்தவருடைய தடத்தை மிதித்து அழித்துவிடும். கடைசியாக அவரைப் பார்த்த இடத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், விசில் ஊதுங்கள். பதில் இல்லையென்றால் உடனே மீட்புக் குழுவை அழையுங்கள். 'இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்ற தயக்கம்தான் ஆபத்து. மணிக்கு 3 கி.மீ. நடப்பவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 28 சதுர கி.மீ. பரப்புக்குள் எங்கும் இருக்கலாம். இரண்டு மணி நேரத்தில் அது 113 ஆகிவிடும்.

மீட்புக் குழுவினர் ஆளைத் தேடுவதற்கு முன் தடயத்தைத் தேடுவார்கள். ஆள் ஒருவர்தான், ஆனால் அவர் விட்டுப்போகும் தடயங்கள் பல: காலடி, மிட்டாய் உறை, ஒடிந்த கிளை. அதனால் கடைசியாகப் பார்த்த இடத்தை யாரும் மிதிக்காமல் காப்பார்கள். இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள் பாதைகள், ஓடைகள், பாதை பிரியும் இடங்கள் வழியே வேகமாகப் போகும். வெளியேறும் வழிகளில் ஆட்கள் நிற்பார்கள். வரிசையாக நின்று அங்குலம் அங்குலமாக அலசுவது பெரும்பாலும் கடைசியில்தான்.

தொலைந்தவர் யார் என்பதைப் பொறுத்தும் தேடும் முறை மாறும். சிறு குழந்தை தன் பெயரைக் கேட்டாலும் பயந்து ஒளிந்துகொள்ளலாம். மறதிநோய் உள்ள முதியவர் புதரில் சிக்கி நிற்கும்வரை நடந்துகொண்டே இருக்கலாம், கூப்பிட்டாலும் பதில் தராமல் இருக்கலாம். இவர்களைத் தேடும்போது குரலை மட்டும் நம்பாமல் புதருக்குள் குனிந்து பார்க்க வேண்டும்.

மோப்ப நாய் வந்தால், தொலைந்தவர் உடுத்திய துவைக்காத துணி தேவைப்படும். அதை மற்றவர்கள் தொடாமல் வைத்திருங்கள்.

வழிதவறியது நீங்கள் என்றால், ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து அங்கேயே இருங்கள். மூன்று முறை விசில், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. போனில் பேச முடியாத இடத்திலும் சில சமயம் குறுஞ்செய்தி போய்ச் சேரும்.

குளிரில் விறைத்துப் போனவரைக் கண்டுபிடித்தால் கை கால்களைத் தேய்க்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றிப் போர்த்துங்கள். நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம்.

அப்புறம், கிளம்பும் முன் ஒவ்வொருவரின் உடையையும் ஷூவின் அடிப்பகுதியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தடம் பார்ப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.