பெருவிரல் ஓரத்தில் எலும்பு வளர்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. வலது கால் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்துகொண்டே போகிறது. அதன் அடியில், பாதத்தின் உள்பக்கம் எலும்பு புடைத்து, ஷூ உரசினால் சிவந்து வலிக்கிறது. இரண்டாவது விரலும் மடங்கி, அந்த விரலின் மூட்டு மேல் காய்ப்பு வந்துவிட்டது. விரலை நிமிர்த்தும் பட்டையை 3 மாதமாக இரவில் கட்டியும் பலனில்லை. எலும்பைச் சீவி எடுத்துவிடலாமா?

பதில்: எலும்பு வளரவில்லை, விலகியிருக்கிறது. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்பு உள்பக்கம் ஒதுங்க, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்த நீள எலும்பின் தலைதான் கையில் தட்டுப்படும் புடைப்பு. இதைப் 'பனியன்' என்பார்கள். உடுத்தும் பனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புடைப்பை மட்டும் சீவினால் கோணல் அப்படியே இருக்கும்.

பட்டை ஏன் பலிக்கவில்லை? விரல் ஒருமுறை சாய்ந்துவிட்டால், அதை அசைக்கும் தசைநாண்களும் பக்கவாட்டில் நகர்ந்து, வில்லின் நாண் போல ஒவ்வோர் அடியிலும் அதை மேலும் இழுக்கும். இரவில் நிமிர்த்தியது காலையில் நடந்ததும் போய்விடும். வலி குறைந்தால் கட்டுங்கள், நிமிரும் என்று எதிர்பார்த்து வேண்டாம்.

முதலில் ஷூவைச் சோதியுங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஷூவை அதன் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும். முன்பக்கம் அகலமாக, புடைப்பின் மேல் தையல் இல்லாமல், குதி தாழ்வாக இருக்கட்டும். புடைப்பைச் சுற்றி வளையம் போன்ற மெத்தை ஒட்டலாம். நேர் மேலே ஒட்டினால் அழுத்தம் கூடும், பலர் செய்யும் தவறு இதுதான்.

மடங்கிய விரலைக் கையால் நீட்டிப் பாருங்கள். நேராக வந்தால் மெத்தையும் டேப்பும் உதவும். விறைத்திருந்தால் உதவாது, அகலமும் உயரமும் உள்ள ஷூதான் வழி. சர்க்கரை நோயோ பாத மரத்துப்போதலோ இருந்தால் காய்ப்புக்கு அமிலப் பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், பிளேடால் சீவாதீர்கள். புண்ணானாலும் தெரியாது.

அறுவை சிகிச்சை வலிக்காகத்தான், அழகுக்காக அல்ல. ஷூ மாற்றியும் நடை தடைப்பட்டால் யோசிக்கலாம். நின்றபடி எடுத்த எக்ஸ்-ரே கட்டாயம். படுத்து எடுத்தால் கோணல் குறைவாகத் தெரியும். பெருவிரலின் சாய்வு 15 டிகிரி வரை இயல்பு. பொதுவாக நீள எலும்பை வெட்டி நகர்த்தி திருகாணி வைப்பார்கள். வெட்டிய எலும்பு ஒன்றுசேர சுமார் 6 வாரம், வீக்கம் வடிய பல மாதம் ஆகும். கோணல் திரும்பும் வாய்ப்பும் உண்டு.

ஒரே இரவில் பெருவிரல் மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே வலித்தால் அது கௌட் வாதமாகவோ (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வருவது) கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். அப்போது ஷூவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.