வாசகர் கேள்வி: விறைத்த கைக்குத் தண்ணீர் ஏன் சுடுகிறது?

கேள்வி: தை மாதக் காலையில் பைப்படியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டக் கலந்த தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. மாமியார் தொட்டுப் பார்த்து "பச்சைத்தண்ணியாத்தானே இருக்கு" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, நுவரெலியா

பதில்: மாமியார் சற்றுமுன் அடுப்படியில் கை காயவைத்திருக்காவிட்டால், அவர் சொல்வதுதான் சரி.

கைத்தோலின் வழமையான வெப்பநிலை ஏறத்தாழ 32, 33 பாகை செல்சியஸ். குளிரை அறியும் நரம்பு முனைகளும் இளஞ்சூட்டை அறியும் முனைகளும் தோலில் தனித்தனியாக இருக்கின்றன. தோல் ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழே போனால் குளிர் வாங்கி (நரம்பு முனையில் உணர்வை வாங்கும் புரதக் கதவு) ஒன்று திறக்கும். தைலத்திலுள்ள மெந்தால் என்னும் பொருள் திறப்பதும் அதையேதான். பூசியதும் குளிர்வது அதனால். 43 பாகை தாண்டினால் திறக்கும் வாங்கியை, சூடே இல்லாமல் கொச்சிக்காயும் திறந்துவிடும். இந்த வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நரம்புகள் வெப்பநிலையைவிட அதன் மாற்றத்தைத்தான் உரக்கச் சொல்லும். 15 பாகைக்கு விறைத்த கையை 30 பாகைத் தண்ணீரில் வைத்தால், குளிர் நரம்புகள் சட்டென ஓய்ந்து சூட்டு நரம்புகள் துடிக்கும். செய்தி முண்ணாண் வழியாக மூளைக்குப் போகும். மூளை அதைச் 'சூடு' என்றே படிக்கும்.

ஆகவே கையைத் துடைத்து, அக்குளில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றிய பிறகு முழங்கையால் பாருங்கள். பேசினில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். கலக்காவிட்டால் சூடு மேலேயே நிற்கும், நன்றாகக் கலக்குங்கள். 37, 38 பாகை போதும். வெப்பமானி இருந்தால் இந்த வழக்கே வராது.

இன்னொன்று: நீரிழிவால் கால் மரத்தவர்கள் அடுப்பருகே கால் நீட்டவோ சுடுநீர்ப் போத்தல் வைக்கவோ கூடாது. வெந்த பிறகும் தெரியாது.

கேள்வி: கண்டிக்கு பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கிறது. ஏறும்போது அவ்வளவு இல்லையே?
– வாசகர், நானுஓயா

பதில்: 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். ஏறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து, தொண்டைக்குப் போகும் ஊஸ்டாக்கியன் குழாயைத் தானே தள்ளித் திறந்து வெளியேறும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, செவிப்பறை உள்ளே இழுபடும். குழாயின் தொண்டைப் பக்க வாய் அமுங்கி மூடிக்கொள்ளும். இழுபட்ட பறை சரியாக அதிராது, சத்தம் மந்தமாகும்.

விழுங்கினால் தசை குழாயைத் திறக்கும். ரம்பொடையில் வளைவுகள் தொடங்குமுன்பே டொபி ஒன்றை வாயில் போடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். மூக்கைப் பிடித்து ஊதுவதானால் மெதுவாக ஊதுங்கள். தடிமன் பிடித்திருக்கும்போது அப்படி ஊதவே வேண்டாம், சளி காதுக்குள் போகலாம்.

கேள்வி: தடிமன் வந்தால் பிளேன்டீ வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருக்கிறதே?
– வாசகி, ஹட்டன்

பதில்: நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சி, காளானில் வரும் சுவை) மட்டுமே. தேயிலையின் மணம் வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறித்தான் தெரியவேண்டும். அந்த வழி அடைத்துவிட்டது. தேயிலை ருசி பார்ப்பவர்கள் சத்தமாக உறிஞ்சுவதும் அந்த மணத்தை மேலே ஏற்றத்தான். நாக்குக்குத் தெரியும் இனிப்பு, கசப்போடு துவர்ப்பும் மிஞ்சும், ஏனென்றால் துவர்ப்பு பெரும்பாலும் வாயின் தொடுவுணர்ச்சி. தடிமன் மாறி சில வாரங்களாகியும் மணம் திரும்பாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள்.